மூன்றாவது உறை

துறைமுக வீதிக்கு அரசு எடுத்த காணிகளை விலைமதிக்கும் டெண்டர் இரண்டு மணிக்கு மூடும். பெட்டிக்குள் இரண்டு உறைகள்தான் கிடந்தன. ஒன்று சிவாஜினியுடையது. விலைமதிப்பாளராகப் புதிதாக அலுவலகம் திறந்தவளுக்கு இதுதான் முதல் நம்பிக்கை.

அந்த நேரம் பார்த்து, கிண்ணியா விலைமதிப்பாளர் அர்ஷாக் உறையோடு ஓடிவந்தார்.

"நேரம் முடிஞ்சுது, வாங்க ஏலாது" என்று பெட்டிக்குப் பொறுப்பாக நின்ற லிகிதரைத் தடுத்தாள் சிவாஜினி.

லிகிதர் மணிக்கூட்டைப் பார்த்தார். "இன்னும் ஒரு நிமிசம் இருக்கு மிஸ்."

உறை பெட்டிக்குள் விழுந்தது.

திறந்து வாசித்தார்கள். மூன்றிலும் அவளுடைய கட்டணமே மிகக் குறைவு. அர்ஷாக் கேட்டிருந்தது அதைப்போல் நான்கு மடங்கு.

வெளியே வந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவு கேட்டா ஆர் தருவினம்? இதுக்கோ இப்பிடி ஓடி வந்தனீங்கள்?"

"தரமாட்டாங்கண்டு தெரியும் தங்கச்சி. மூணு உறை சேராம ஏற்கெனவே ரெண்டு தரம் ரத்தாக்கிட்டாங்க. நான் வராட்டி இண்டைக்கு உங்கட உறையையும் திறந்திருக்க மாட்டாங்க."



அர்ஷாக் வியர்வையைத் துடைத்தார். "எடுத்த காணியில எங்கட உம்மாடதும் இருக்கு. அத நான் மதிக்க ஏலாதே. நீங்க மதிச்சாத்தான் அவவுக்கு நட்டஈடு வரும்."