தனிக் கரண்டி

மாமியார் கஞ்சியைப் பாத்திரத்தோடு தூக்கி சிங்க்கில் கவிழ்த்தாள். குழாயையும் திறந்துவிட்டாள்.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த மருமகளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை.

"அத்தை, என்ன பண்றீங்க? அது என் சாப்பாடு."

"தெரியும்."

"தெரிஞ்சேவா கொட்டினீங்க?"

மாமியார் தேய்க்கும் நாரை எடுத்தாள். சுற்றுலாவுக்காக வாடகைக்கு எடுத்த வீட்டின் அந்தத் துக்கடா சமையலறையில், முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுற்றிப் பார்த்தது போதும் என்று இன்றைக்குத்தான் ஊர் திரும்புகிறார்கள். பொழுது சாயும்வரை பஸ். அவளுக்கோ சீலியாக் என்ற வியாதி. கோதுமை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் புண்ணாகி, வாந்தியும் வயிற்றுப்போக்குமாகச் சுருண்டுவிடுவாள். வழியில் எந்தக் கடையையும் நம்ப முடியாது. அதனால்தான் சொந்த அரிசி, சொந்தப் பாத்திரம், சொந்த மரக்கரண்டி என்று பாதிக் குடித்தனத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இந்தக் கஞ்சியில் கொஞ்சம் இப்போதைக்கு, மிச்சம் ஃபிளாஸ்க்கில் வழிக்கு என்று கணக்கு. கொண்டுவந்த அரிசியும் அதோடு தீர்ந்தது.

மாமியாருக்கு இந்த வியாதியில் என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை. "கோதுமைக்குப் பயப்படற ஆளை இப்பத்தான் பாக்கறேன். அது என்ன, புலியா?" என்று வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் சிரிக்கவைப்பாள்.

"வாயைத் திறந்து சொல்லுங்க அத்தை. நான் பஸ்ல பட்டினியா வரணும், அதானே?"

"ஒரு வேளை சாப்பிடலைன்னா உசுரா போயிடும்?"

"உங்களுக்கு டிபன் ஆயாச்சு. பேசறது சுலபம்."

சத்தம் கேட்டு, ஒரு காலில் மட்டும் ஷூவோடு கணவன் ஓடி வந்தான். சிங்க்கைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, உனக்கு மனசாட்சியே கிடையாதா? அவ வியாதிக்காரி. அவ சாப்பாட்டுல கை வெக்கலாமா?"

மாமியார் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"கேக்கறேன்ல? இத்தனை நாளா வாயால குத்தின. இப்ப கையும் நீளுதா?"

மருமகளுக்கு அந்தக் கோபத்திலும் ஓர் ஆறுதல். இவன் ஒருத்தனாவது இருக்கிறானே. படியேறிய ஒவ்வொரு ஓட்டலிலும் சர்வரை நிறுத்திவைத்து, "ஒரு துளி பட்டாலும் இவ உசுருக்கு ஆபத்து, தெரியுமா?" என்று வகுப்பெடுத்தவன். பக்கத்து மேஜைப் பெண்கள் அவளைப் பொறாமையோடு பார்ப்பார்கள். இன்று காலைகூட, "நீ போய்க் குளி, கஞ்சியை நான் கிண்டறேன்" என்று கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"விடுங்க. உங்கம்மாவுக்கு நான் செத்தாத்தான் நிம்மதி" என்றாள். சொன்னதற்காக அவளுக்கு வருத்தமும் இல்லை.

மாமியாரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். மரக்கரண்டியை எடுத்து, கழுவாமல் அப்படியே குப்பைக் கூடையில் போட்டாள்.

"பாத்தீங்களா, அதையும் ஒழிச்சாச்சு" என்று கத்தினாள் மருமகள். "நல்ல கரண்டி அத்தை அது. கழுவி வெச்சா கை தேஞ்சிடுமா?"

"மரத்துல ஏறின மாவு கழுவினாலும் போகாதுன்னு நீதானே சொன்ன?"

"அது கோதுமை மாவுக்குச் சொன்னது. என் கரண்டியில கோதுமை மாவு எப்படி..."

அவள் கண் அடுப்புப் பக்கம் போயிற்று. வீட்டின் சொந்தக்காரர் விட்டுப்போன கோதுமை மாவு டப்பாவை, வந்த அன்றே துணியில் சுற்றி மேல் அலமாரியில் ஏற்றச் சொல்லியிருந்தாள். நாற்காலி போட்டாலும் மாமியாருக்கு எட்டாது. கணவன்தான் ஏற்றினான். அந்த டப்பா இப்போது அடுப்புக்குப் பக்கத்தில், மூடி சரியாக மூடாமல் இருந்தது.

மாமியார் அப்போதுதான் திரும்பினாள். மருமகளைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள்.

"பெத்தவ வாயால சொல்ல வேணாம்னுதான் இவ்வளவு பேச்சும் வாங்கிக்கிட்டேன். நீயே சொல்லு."

அவன் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டான்.

"ஒரே ஒரு ஸ்பூன்தாம்மா போட்டேன். தெரியாம சாப்பிட்டு ஒண்ணும் ஆகலைன்னா, இவ நடிப்பு இவளுக்கே புரிஞ்சிருக்கும்ல?"