மெத்தை அருமை!

"மெத்தை அருமையா இருக்குன்னு வாய் கூசாம சொல்றியே ஜோலீன்! நாம இன்னும் நம்ம சமையலறையிலதான் நிக்கறோம்!"

கையிலிருந்த ஈரத் தட்டைத் துடைக்க மறந்து நின்றான் ஆர்லன். ஜோலீன் போனை மேசைமேல் வைத்தாள்.

"வேற என்ன சொல்லச் சொல்ற? ஓட்டல் மேலாளரே கூப்பிட்டு, 'அறை வசதியா இருக்கா மேடம்?'னு கேக்கறார். 'தெரியாது சார், நாங்க இருநூறு மைல் தள்ளிப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கோம்'னு சொல்லட்டுமா?"

மகள் பிரிட்டாவுக்குச் சனிக்கிழமை மூன்று மணிக்குப் பட்டமளிப்பு விழா. கல்லூரி இருக்கும் ஊரில் எல்லா ஓட்டல்களும் பேசி வைத்துக்கொண்டாற்போல ஒரே விதி போட்டிருந்தன. வியாழன் முதல் மூன்று இரவுகள். அதற்குக் குறைந்து அறை கிடையாது. ஆர்லனுக்கோ மக்காச்சோளம் விதைக்கும் நேரம். மழைக்கு முன் முடிக்க வேண்டியது இன்னும் நாற்பது ஏக்கர் கிடந்தது. சனிக்கிழமை ஒரு ராத்திரிக்கு மேல் நிலத்தை விட்டு அவனால் நகர முடியாது.

ஜோலீன் காது கேட்கும் கருவி விற்பவள். ஐந்து வருடம் ஊர் ஊராகத் தங்கி அந்த ஓட்டலில் சேர்த்திருந்த சலுகைப் பாயிண்டுகளை எல்லாம் காசுக்குப் பதிலாகக் கொட்டி மூன்று இரவுக்கும் அறை போட்டுவிட்டாள். முதல் நாள் போகாவிட்டால் அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதனால் வியாழக்கிழமை மதியம் வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் 'வந்துவிட்டோம்' என்று ஒரு பொத்தானை அழுத்தினாள். இனி அறைக் கதவை அந்தப் போனை வைத்தே திறக்கலாம். வேலை முடிந்தது.

அவளுக்கு முடிந்தது. ஆர்லனுக்கு முடியவில்லை. கொட்டுகிற மழையிலும் கடையில் சாமான் எடுக்கத் தந்த தள்ளுவண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் அதன் இடத்தில் விட்டுவிட்டு வருகிற ஆள் அவன்.

"இது பொய்தானே?"

"எதுல பொய்? பாயிண்ட் என்னோடது. மூணு ராத்திரிக்கும் குடுத்தாச்சு. படுக்கறதும் படுக்காததும் என் இஷ்டம். சினிமாவுக்கு டிக்கெட் வாங்கிட்டுப் பாதியில எழுந்து வந்தா போலீசா பிடிக்குது?"

"இது பாதியில எழுந்து வர்றது இல்ல. போகாமலே படம் பிரமாதம்னு சொல்றது."

ஜோலீனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ரெண்டு ராத்திரி அந்தக் கட்டில் சும்மா கிடக்கும். பிள்ளை பட்டம் வாங்கறதைப் பாக்க வந்தவங்க யாராவது இடம் கிடைக்காம கார்ல சுருண்டு படுப்பாங்க. எனக்கு மனசு உறுத்துது."

"உறுத்தட்டும். ஆனா அங்க போய் வாயைத் திறந்துடாதே. மாட்டினா அறையும் போச்சு, அஞ்சு வருஷப் பாயிண்டும் போச்சு. உன் இடுப்பு வலியோட அன்னிக்கே திரும்பி நாலு மணி நேரம் வண்டி ஓட்ட முடியுமா? இல்ல, விழாவுக்கே போக வேண்டாமா? இப்பத் தட்டைத் துடை."

சனிக்கிழமை நண்பகல். ஓட்டல் வரவேற்பு மேசைமேல் ஓர் அட்டை நின்றது. 'குறைந்தது மூன்று இரவுகள். யாருக்கும் விலக்கு இல்லை. இப்படிக்கு, டுவைட், மேலாளர்.'

அட்டைக்குப் பின்னால் அதே டுவைட் நின்றிருந்தார். ஜோலீன் பெயரைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. சாவி கொடுக்கும் பெண்ணை ஏதோ சாக்கு சொல்லி உள்ளே அனுப்பினார். பிறகு மேசைமேல் குனிந்து மெல்லக் கேட்டார்.

"நேத்து, முந்தாநாள்... நீங்க அறைப் பக்கம் வந்தீங்களா?"

"வந்தோமே! அப்புறம் ஊர் சுத்தப் போயிட்டோம்" என்றாள் ஜோலீன்.

"வந்தீங்களா!" அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "போனை வச்சுக் கதவைத் திறந்து உள்ள பாத்தீங்களா?"

ஜோலீன் ஆர்லனின் காலை மிதித்தாள். பலனில்லை.

"இல்ல சார்" என்றான் ஆர்லன். "நாங்க வரவே இல்ல. வீட்ல இருந்துக்கிட்டே வந்துட்டதா போன்ல பொய் சொன்னோம். எங்களுக்கு வேண்டியது இன்னிக்கு ஒரு ராத்திரிதான். மெத்தை நல்லா இருக்குன்னு இவ சொன்னதும் பொய். பாயிண்டை வேணும்னா எடுத்துக்கங்க. இன்னிக்கு மட்டும் படுக்க இடம் குடுங்க, என் பொண்ணு பட்டம் வாங்கறா."

ஜோலீன் கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து வருடம் போச்சு.

"நிச்சயமாத்தானே சொல்றீங்க? ஒரு நிமிஷம்கூட எட்டிப் பாக்கல?"

"சத்தியமா சார்."

டுவைட் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நெஞ்சில் கை வைத்து நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"அப்பாடா! ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல. உங்க பாயிண்டு யாருக்கு வேணும்! இந்தாங்க சாவி. காலை டிபன் என் கணக்கு. நீங்க வராதது யாருக்கும் தெரிய வேண்டாம், என்ன?"

ஆர்லனுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது. ஆனால் ஒன்றும் புரியவில்லை. "நாங்கதானே சார் பயப்படணும்? நீங்க எதுக்கு?"

டுவைட் தன் பெயர் போட்ட அட்டையை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

"என் பையனும் இன்னிக்குத்தான் பட்டம் வாங்கறான். என் மனைவியைப் பெத்தவங்க வந்திருக்காங்க, அவங்களுக்கு வேண்டியது வியாழன், வெள்ளி ரெண்டே ராத்திரி. ஊர்ல எங்கேயும் குடுக்கல. உங்க அறைப் பக்கமோ வியாழக்கிழமை சாயங்காலம் வரை ஆளையே காணோம். மேடம், அன்னிக்கு நீங்க போன்ல 'மெத்தை அருமை, இப்பதான் படுத்தோம்'னு சொன்னப்ப, அந்த மெத்தையில என் மாமியார் படுத்துக்கிட்டு, 'கல்லு மாதிரி இருக்கு'ன்னு என்னைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க!"