கண் திறப்பு

இறந்தவரைக் கிடத்திய பிறகு எடுத்த படம் ஒன்றுதான் அந்த வீட்டில் இருந்தது. சுவரில் மாட்டுவதற்காக அதில் மூடிய கண்களைத் திறந்து கொடுத்தால்தான் கிராஃபிக் டிசைன் படிக்கும் ஜெனிட்டாவுக்கு மதிப்பெண். நிஜ வாடிக்கையாளர், நிஜ வேலை என்பதுதான் அந்தக் கல்லூரியின் பெருமை. தாடையைச் சுற்றியிருந்த நாடிக்கட்டை அழித்தாள். நெற்றிக்காசை அழித்தாள். வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டாள். கண்கள்தான் அமையவில்லை. இணையத்தில் எடுத்த எந்தக் கண்களை ஒட்டினாலும் முகம் ஏற்றுக்கொள்ளாமல் விறைத்தது. அதற்குள் அவருடைய மனைவி வந்து வெளியே காத்திருந்தாள். மதிப்பெண் போய்விடுமோ என்று ஜெனிட்டா பயந்தாள். சட்டென்று செல்போனில் தன் கண்களையே படமெடுத்து ஒட்டினாள். அச்சாகப் பொருந்திவிட்டன.

அந்த அம்மாள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“அவரேதான். ஆனா எதுக்கு இப்படிப் பயந்து பாக்குறாரு? சாகுறப்பகூட அந்த மனுசன் பயப்படலையே.”

“சரி பண்ணிடலாம்மா” என்றாள் ஜெனிட்டா, தரையைப் பார்த்தபடி.

படத்தை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சொரசொரப்பான விரல் அவள் மோவாயைத் தொட்டது.

“எங்க, கொஞ்சம் நிமிந்து பாரு தாயி.”