முப்பது வார்த்தையும் ஒரு மொட்டையும்

"ஃபோர்கிரவுண்டுன்னா இன்னா நைனா?"

"முன்னாடி இருக்கிறது. நம்ம வாசல்ல எருக்குழி இருக்குதே, அது."

"பேக்கிரவுண்டு?"

"பின்னாடி தெரியறது. தணிகை மலை."

சுதா சிரித்துவிட்டாள். ஆனாலும் சரியான பதில்தான். ஓவியம் பற்றிய இங்கிலீஷ் வார்த்தைகள் முப்பதை போனில் தேடி, காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். பத்து நாளாக அப்பாவுக்கு இதுதான் பாடம்.

"ஷேட்?"

"வெளிச்சம் படாத பக்கம்."

"ப்ரொஃபைல்?"

"ஒருக்களிச்ச மூஞ்சி."

"டெக்ஸ்சர்?"

சின்னசாமி திணறினார். ஐம்பத்தெட்டு வயதில் இது தேவையா என்று இருந்தது அவருக்கு. ஆனால் தேவைதான். கே.ஜி.கண்டிகையில் கிணறு வற்றிப் போய், நிலத்தைத் தரிசாகப் போட்ட பிறகு அவருக்கு அமைந்த ஒரே வேலை, சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியில் வாரம் மூன்று நாள். போன மாதம் வரை இருந்த சார் தமிழ்க்காரர், பிரச்சினை இல்லை. புது சாருக்கு வடக்கே எங்கேயோ ஊர், வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். இரண்டு தரம் அவர் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்துவிட்டார் சின்னசாமி. இன்னொரு தரம் இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று ஆபீசில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"ஆங்! தொட்டா சொரசொரன்னு இருக்குதா, வழவழன்னு இருக்குதான்னு சொல்றது!"

"சூப்பர் நைனா! முப்பதும் கரெக்ட்டு!"

அடுப்படியில் இருந்து ஓடி வந்தாள் அவர் மனைவி கன்னியம்மாள். "நெசமாவா? முப்பதுமா? முருகா, காப்பாத்திட்டப்பா!" என்று மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பிரஷ் கழுவிக் குடுக்கறவருக்கு எதுக்குடி இவ்ளோ இங்கிலீஷ்?" என்று முதல் நாள் முணுமுணுத்தவளும் அவள்தான். அங்கே என்ன வேலை என்று அவள் கேட்டபோதெல்லாம் "எல்லா வேலையுந்தான்" என்று சொல்லி வைத்திருந்தார் சின்னசாமி. பிரஷ் கழுவுகிறார் என்று அவளாக முடிவு கட்டிக்கொண்டாள். அவரும் மறுக்கவில்லை.

"இன்னாங்க, காலையில மொத பஸ்ஸுக்கு மலைக்குப் போறோம்."

"எதுக்கு?"

"முப்பதும் தப்பில்லாம சொல்லிட்டா உங்க முடிய எறக்கறேன்னு வேண்டிக்கினேன்."

சின்னசாமி துள்ளி எழுந்தார். "என் முடியவா? என்னைக் கேக்காமலா?"

"கேட்டா வேண்டிக்குவாங்க?"

"உன் முடிய வேண்டிக்கினா ஆவாதா?"

"நல்லா இருக்குதே கதை! வேலை உங்களுது, முடி என்னுதா?"

"அதுக்கில்ல கன்னிம்மா... ஆடிக் கிருத்திகைக்கு எறக்கிடலாமே. இன்னும் ஒரு மாசம்."

"சாமிகிட்ட தவணை கேக்கறீங்களா? நாளைக்கு வேலைக்குப் போறதுக்குள்ள எறக்கறேன்னு சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான்."

"மீசையாச்சும் இருக்கட்டும்..."

"மொட்டைன்னா மீசையுந்தான். இந்த வயசுல யாரை மயக்கப் போறீங்கோ?"

சுதா விழுந்து விழுந்து சிரித்தாள். "நைனாவுக்கு முடி மேல அம்மாம் ஆசைம்மா!"

ஆசையா? உண்மையைப் போட்டு உடைத்துவிடலாமா என்று வாயைத் திறந்தார் சின்னசாமி. சொன்னால் ஊர் சிரிக்கும். அதற்கும் மேலே, வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதான். அந்த மலையடியிலேயே பிறந்து வளர்ந்துவிட்டு, முருகனிடம் போய் முடியாது என்று சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது. முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

காலையில் மலை மேலே நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்தபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டார் சின்னசாமி. கடைசியில் மீசையும் போனது. கன்னியம்மாள் மொட்டையில் சந்தனத்தைக் குளிரக் குளிரத் தடவி, "இனிமே உங்க வேலைக்கு ஒரு கொறையும் வராது" என்றாள். அவருக்கு அழுகை வராத குறை.

ரயிலில் சென்னை வரைக்கும் துண்டால் தலையை மூடிக்கொண்டே போனார். வகுப்பு வாசலில் நின்று, "முருகா, எல்லாம் உன் கையில" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்தார்.

பிரஷ்ஷும் கையுமாக இருந்த இருபது பிள்ளைகளும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஐயோ, ஐயா! என்ன பண்ணிட்டு வந்திருக்கீங்க?" என்று ஒரு பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வேண்டுதல்மா" என்றார் சின்னசாமி.

புது சார் எழுந்து வந்தார். சின்னசாமியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கிட்டே நின்று பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். வேலை போயிற்று என்றே தீர்மானித்துவிட்டார் சின்னசாமி. சார் திடீரென்று கையைத் தட்டினார்.

"ஆல் ஆஃப் யூ, ஃப்ரெஷ் கேன்வாஸ்! ஸ்டார்ட் அகெய்ன்! சின்னசாமி, டர்ன் லெஃப்ட். சின் அப்!"

ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது சின்னசாமிக்கு. மூன்று வாரமாக அந்தப் பிள்ளைகள் பாடுபட்டு, அவருடைய நரைத்த சுருட்டை முடியையும் முறுக்கு மீசையையும் பாதி வரை வரைந்திருந்த இருபது கேன்வாஸ்களும் சுவரோரம் போக, நடு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, இடப் பக்கம் திரும்பி, மோவாயை நிமிர்த்தி, ஆடாமல் அசையாமல் இருக்கும் தன் வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.