முதுகைத் திருப்பி நின்றவர்

“அக்கா, பச்சைத் தொப்பி போட்டிருக்காரே, அவருதான். உஷாரா இருங்க.”

டிக்கெட் கவுன்ட்டர் பெண் காதருகே வந்து கிசுகிசுத்ததும் டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“எப்படிச் சொல்ற?”

“டிக்கெட்டே வாங்கலக்கா. முதலாளியே போன் பண்ணி, ‘அவரைச் சும்மா ஏத்தி விடு’ன்னாரு. உங்களை வேவு பாக்க அனுப்பின ஆளா இல்லாம வேற யாரா இருக்கும்?”

டீச்சர் என்பது படகுக்காரர்கள் வைத்த பெயர். கடலில் திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களுக்கு மைக்கில் விளக்கம் சொல்வது அவள் வேலை. அதற்கென்றே படித்து, ஆசைப்பட்டு வந்து சேர்ந்தவள். போகும்போது வாய் ஓயாமல் பேசுவாள். திரும்பும்போதும் பேசுவாள். ஆனால் திமிங்கிலம் தலையைக் காட்டிவிட்டால் போதும், வாயடைத்துப் போவாள். மைக் கையிலேயே இருக்கும்.

போன வாரம் முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “பேசறதுக்குத்தாம்மா உன்னை வெச்சிருக்கேன், வாயைப் பொளந்துக்கிட்டு நிக்க இல்ல. இன்னொரு புகார் வந்துச்சு, வேற ஆளைப் பாத்துக்குவேன்.”

இந்த வேலை போனால் அவளுக்குப் பழைய வேலைதான். கடைத்தெருவில் அலங்கார மீன் விற்கிற கடையில் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றணும்.

இன்றைக்கு என்ன ஆனாலும் பேசிவிடுவது என்று மைக்கை இறுக்கிப் பிடித்தாள்.

படகு கரையை விட்டு வெகுதூரம் வந்ததும் கேபினிலிருந்து கேப்டன் கத்தினார். “டீச்சர்! மேட்டுலேர்ந்து சொல்லிட்டாங்க. ஒன்பது மணி!”

கரையோரக் குன்றின் மேல் ஓர் ஆள் பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பார். திமிங்கிலம் மூச்சு விடுவது தெரிந்தால் எந்தப் பக்கம் என்று ரேடியோவில் சொல்வார். அதை வைத்துத்தான் படகே போகும்.

“எல்லாரும் ஒன்பது மணிப் பக்கம் பாருங்க!” என்றாள் டீச்சர்.

தொந்திக்கார அப்பா ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மணி பதினொண்ணு ஆச்சேம்மா?”

“படகோட மூக்கு பன்னண்டு மணின்னு வெச்சுக்குங்க சார். ஒன்பதுன்னா இடது கைப்பக்கம்.”

“மானத்தை வாங்காதீங்க,” என்று அவர் மனைவி இடிக்க, எல்லாரும் சிரித்தார்கள்.

பச்சைத் தொப்பிக்காரர் மட்டும் இடதுபக்கக் கம்பியில் சாய்ந்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கண் முழுக்க ஆட்கள் மேல்தான்.

“சார், இந்தப் பக்கம் திரும்பி நின்னாத்தான் தெரியும்,” என்றாள் டீச்சர்.

அவர் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

சரிதான், இந்த ஆள் கடலைப் பார்க்க வரவில்லை. என் வாயைப் பார்க்க வந்திருக்கிறார்.

கேப்டன் இன்ஜினை நிறுத்தினார். தண்ணீர் படகை மெல்லத் தட்டுகிற சத்தம் மட்டும்.

டீச்சர் ஆரம்பித்தாள். “இப்ப நாம பாக்கப் போறது...”

புஸ்ஸ்ஸ்...

அத்தனை பெரிய மூச்சு. படகுக்குப் பக்கத்திலேயே. எல்லார் முகத்திலும் சாரல் அடித்தது. கறுத்த பாறை ஒன்று தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. முதுகு முடிகிற இடம் தெரியவில்லை. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண்ணைக் காட்டியது. அவ்வளவு பெரிய உடம்பில் அவ்வளவு சின்னக் கண். அது படகில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது போலிருந்தது.

டீச்சர் வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. பேசு, பேசு என்று மனசு அடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வழிந்ததுதான் மிச்சம்.

வந்ததிலிருந்து போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்த ஆள் கையைத் தொங்கவிட்டு நின்றார். போனுக்குள் யாரோ “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தொந்திக்காரர் தன்னையறியாமல் கைகூப்பியிருந்தார். இடித்த மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வால் வானத்துக்கு எழும்பி, சொட்டச் சொட்ட ஒரு நொடி நின்று, சத்தமில்லாமல் உள்ளே போனது.

கேப்டன் இன்ஜினைக் கிளப்பிப் படகைத் திருப்பினார். மைக் டீச்சர் கையிலேயே இருந்தது.

கரைக்கு வந்து எல்லாரும் இறங்கியபின், அவளே தொப்பிக்காரரிடம் போய் நின்றாள். போகிற வேலை போகட்டும்.

“சார், நான் பேசல. எவ்வளவு முயற்சி பண்ணியும் வார்த்தை வரல. முதலாளிகிட்ட உள்ளது உள்ளபடி சொல்லிடுங்க.”

“நானா? எனக்கும் அவருதானே முதலாளி!”

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரல்! கேபின் ரேடியோவில் தினமும் கேட்கிற, முகம் தெரியாத குரல்.

“மேட்டுல... நீங்களா?”

“இன்னைக்கு லீவு கேட்டு, தம்பியை உக்கார வெச்சுட்டு வந்தேன். இருபது வருஷமா அங்கேருந்து திமிங்கிலத்தைத்தாம்மா பாக்கறேன்,” என்றார் அவர், தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அதைப் பாக்கற மனுஷங்க மொகத்தை இன்னைக்குத்தான் பாத்தேன்.”