இரைச்சல் பதிவு

மக்காச்சோளத்தில் புழு விழுந்த நேரம். பகலவனின் மருந்து தெளிக்கும் ட்ரோன் பறக்கும்போதே நடுங்கியது. இணையத்தில் இருந்த இலவச வழிகாட்டி, ‘இரைச்சல் பதிவை அனுப்புங்கள்’ என்றது. மோட்டார் சத்தத்தைப் பதிந்து அனுப்பினான். ‘இதுவல்ல’ என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. வழிகாட்டியை எழுதிய தமிழ்மொழி என்ற பெண்ணைத் தேடி, ட்ரோனோடு சங்கராபுரத்துக்கே வந்துவிட்டான்.

“மூணு தபா அனுப்புனேங்க. உங்க பொண்ணு கேட்டாங்களா, இல்லியா?”

“அதுக்குக் காது கேக்காதுங்க” என்றார் அவள் அப்பா சின்னதுரை.

பகலவன் திகைத்தான். “அப்ப இரைச்சலை எப்டிங்க சரி பண்றாங்க?”

தமிழ்மொழி ட்ரோனின் மெமரி கார்டைக் கணினியில் செருகினாள். திரையில் துள்ளிய அதிர்வுக் கோட்டை அவனுக்குக் காட்டி, அதற்கேற்ப, அதிர்வைக் களையும் மென்பொருள் வடிகட்டியைத் திருத்தினாள். ட்ரோன் அலுங்காமல் மேலே ஏறியது.

அன்றே வழிகாட்டியில் ஒரு வரி சேர்ந்தது: ‘இரைச்சல் என்பது இங்கே சத்தமல்ல, சென்சாரில் பதியும் அதிர்வு. பிழையைக் காட்டி உதவியவர்: பகலவன், சின்னசேலம்.’