வீட்டில் இல்லாத சீமாட்டி

வாசலில் அண்ணன் மகனின் குதிரைவண்டியைக் கண்டதும், வினிஃப்ரட் சீமாட்டி திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"ஜோனஸ்! செப்டிமஸ் வந்துட்டான். நான் வீட்ல இல்லைன்னு சொல்லிடு."

"போன வியாழக்கிழமையும் அதைத்தானேம்மா சொன்னேன்?" என்றான் பணியாள்.

"இன்னைக்கும் சொல்லு. உள்ளே விட்டா, அவன் குதிரையோட வயித்துவலியைப் பத்தியே ஒரு மணி நேரம் அறுப்பான். பாவம், அத்தை மேல அவ்வளவு பாசம்!"

கதவு திறந்தது.

"அத்தைக்கு என் 'தெவ்வார்' செலுத்த வந்தேன்," என்றான் செப்டிமஸ். பெரியவர்களை நேரில் கண்டு வணங்கும் கடமைக்கு, லண்டன் கனவான்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது.

"அம்மா வீட்ல இல்லீங்கய்யா."

"நிச்சயமா இல்லையா?"

"நிச்சயமா இல்லீங்க."

"இப்போதைக்கு வரவும் மாட்டாங்களே?"

"மாட்டாங்கய்யா."

செப்டிமஸ் நீண்ட பெருமூச்சு விட்டான். வந்துபோனதற்கு அடையாளமாகத் தன் பெயர்ச் சீட்டைத் தட்டில் வைத்தான். பிறகு ஜோனஸின் கையில் ஒரு வெள்ளிக்காசைத் திணித்தான்.

"நல்லா இருப்பே! அடுத்த வியாழக்கிழமையும் இதையே சொல்லுப்பா. நீ இல்லைன்னு சொன்னாத்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வருது."

கதவு மூடியதும் திரைச்சீலை கிழிகிற வேகத்தில் சீமாட்டி வெளியே வந்தாள்.

"ஓடு ஜோனஸ், வண்டி கிளம்பறதுக்குள்ள அவனைப் பிடி! அம்மா வந்துட்டாங்கன்னு சொல்லு. அந்தக் குதிரையோட வயித்துவலியை இன்னைக்கு நான் முழுசாக் கேட்டே ஆகணும்!"